சேர்வராயன் மலையும் சேப்பாக்கம் திடலும்

சேலத்தை விட்டு அடிவாரம் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. கீழே சேலம் நகரம் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல் சிறுத்துக்கொண்டே போகிறது. மேலே ஏற்காடு. ஏரி, படகு, விடுதிகள், காப்பித் தோட்டம், மிளகுக் கொடி. கோடை விழாவுக்கு வருகிறவர் கண்டு களித்துத் திரும்புவது அவ்வளவே. இன்னும் உள்ளே போனால்தான் அந்த மலைக்கு உரியவர்கள் வாழும் சிற்றூர்கள் வரும். அங்கே, பாறையும் சரிவுமாய்க் கிடக்கும் மேட்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மட்டை ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று, குச்சி மூன்று. பந்து சரிவில் இறங்கிவிட்டால் காப்பிச் செடிக்குள் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஆகவே மேட்டுப் பக்கம் அடித்தால் ரன், பள்ளத்துப் பக்கம் அடித்தால் அவுட்! சட்டத்தை அவர்களே வகுத்துக்கொள்கிறார்கள். இலண்டனில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் மலைச்சரிவை நினைத்துப் பார்க்கவில்லையே, என் செய்வது!

அந்தப் பையனுக்கும் சென்னைச் சேப்பாக்கம் திடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஓர் உறவு இருக்கிறது. அந்தத் திடலில் ஆடுகிற அணியின் சட்டையில் 'தமிழ்நாடு' என்று எழுதியிருக்கிறது. சென்னை மாநகர் என்றல்ல, மயிலாப்பூர் என்றல்ல, திருவல்லிக்கேணி என்றல்ல. தமிழ்நாடு! குமரி முதல் ஓசூர் வரை, கடற்கரை முதல் மலை முகடு வரை உள்ள அனைவருக்கும் பொதுவான பெயர். அந்தப் பெயரைச் சூடியவர்கள் எந்த வழியாக வந்தார்கள், எந்த வழி அடைபட்டுக் கிடந்தது என்று பார்ப்பது நம் கடமையல்லவா?

"கிரிக்கெட்டா? அது சீமான் வீட்டு விளையாட்டு. நமக்கேன் அந்தப் பேச்சு?" என்று சில நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. சீமான் வீட்டு விளையாட்டாகத்தான் இருந்தது, மறுப்பார் யார்? சென்னையில் கிரிக்கெட் கிளப் தோன்றியது 1846-ல். வெள்ளைக்காரருக்கு வெள்ளைக்காரரே நடத்திய கிளப். இந்தியர் அங்கே ஆட அழைக்கப்பட்டால் திடலில் இறங்கலாம், ஆனால் கட்டடத்துக்குள் அமர முடியாது. துரைமார் மண்டபத்தில் உணவருந்துவார்கள், நம்மவர் மரத்தடியில். இந்த அவமானம் ஒரு மனிதரின் நெஞ்சைச் சுட்டது. அவர்தான் புச்சிபாபு நாயுடு. செல்வர், நினைத்திருந்தால் தன் மாளிகையில் சுகமாக இருந்திருக்கலாம். 1888-ல் இந்தியருக்கென்று சென்னை யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மட்டை வாங்கித் தந்தார், பந்து வாங்கித் தந்தார், திடலும் தந்தார். ஐரோப்பியர் ஓர் அணி, இந்தியர் ஓர் அணி என்று எதிரெதிரே நின்று ஆடும் மாகாண ஆட்டத்தையும் ஏற்பாடு செய்தார். அது நடக்கவிருந்த 1908-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஆனாலும் அந்த ஆட்டம் 1915 முதல் பொங்கல் நாளையொட்டிய ஆட்டமாக நிலைபெற்றது. அவர் மகன் சி. இராமசாமி டென்னிசில் டேவிஸ் கோப்பைப் போட்டியிலும் கிரிக்கெட்டில் டெஸ்ட் போட்டியிலும் இந்தியாவுக்கு ஆடினார்.

கிரிக்கெட்டை நாம் கேட்டு வாங்கவில்லை. ஆனால் மரத்தடியில் உட்கார வைத்தவர்களை மண்டபத்துக்கு எதிரே நின்று சந்தித்த கதையாக அது மாறிவிட்டது. அந்தக் கதை முற்றுப்பெற்றுவிட்டதா என்பதே இப்போதைய கேள்வி.

ரஞ்சிக் கோப்பை என்று ஒன்று 1934-ல் பிறந்தது. அதன் முதல் ஆட்டம் நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மீண்டும் 59-ல் அடங்கியது. பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது! ஏ.ஜி. இராம்சிங் மட்டும் 11 விக்கெட். சீக்கியர்தான், ஆனால் சென்னையே அவர் ஊர். அவர் மக்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் நம் அணிக்கு ஆடி, இந்தியாவுக்கும் ஆடினார்கள்.

கோபாலனைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. திருவல்லிக்கேணித் தெருவில் ஆடிக்கொண்டிருந்தவரைச் சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கண்டார். பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழி செய்தார். வேலை கிடைத்ததால் சோறு கிடைத்தது. சோறு கிடைத்ததால் ஆட்டம் நிலைத்தது. ஹாக்கியிலும் வல்லவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணி ஒரு பக்கம், இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி ஒரு பக்கம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கிக்காரர்கள் தங்கத்தோடு திரும்பினார்கள்! எதை இழந்தோம் என்று அவர் எண்ணினாரோ என்னவோ, நமக்கு ஒரு பாடம் அதில் உண்டு. ஒரு கண் பார்த்தது, ஒரு கம்பெனி வேலை கொடுத்தது, ஓர் ஆட்டக்காரர் உருவானார். அந்தக் கண்ணும் அந்தக் கம்பெனியும் எங்கே இருந்தன? சென்னையில்!

இந்த இடத்தில் சேலத்து வாசகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பழைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர். அவர் அமைச்சரவையில்தான் முத்தையா முதலியார் 1928-ல் வகுப்புவாரி உரிமை ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதே சுப்பராயன்தான் சென்னைக் கிரிக்கெட் சங்கத்தை வளர்த்தவர்களில் முன் நின்றவர். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவரும் அவரே. சேலத்துச் சீமைக்காரர் இந்தியக் கிரிக்கெட்டுக்கே தலைவராய் இருந்தார்! ஆனால் தலைவர் நாற்காலி சேலத்தவருக்குக் கிடைத்த காலத்திலும் ஆடுகளம் சேலத்துக்கு வரவில்லை. சர்க்கார் வேலைக்கு எல்லா வகுப்பாரும் வர ஆணை பிறந்த காலம். ஆட்டத்துக்கு எல்லா ஊராரும் வர எந்த ஆணையும் பிறக்கவில்லை.

முதல் கோப்பை 1954-55-ல் வந்தது. தலைவர் பாலு அளகணன். இறுதி ஆட்டம் இந்தூரில், ஹோல்கார் அணியின் சொந்தத் திடலில். 46 ரன் வித்தியாசத்தில் வெற்றி! கிருபால் சிங் மட்டையாலும் பந்தாலும் பொறுப்பைச் சுமந்தார். அந்த வெற்றியைக் கொண்டாடிய நாளில் அணியின் பெயர் 'மெட்ராஸ்'. பெயர் மாற்றம் வேண்டி உண்ணாநோன்பிருந்து சங்கரலிங்கனார் உயிர் துறந்தது 1956-ல். அண்ணா முதல்வராகி, சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. கிரிக்கெட் அணிக்கு அந்தப் பெயர் வர 1970-71 பருவம் ஆயிற்று.

பெயர் மாறிய பின் ஆட்டக்காரர்கள் குறைந்தார்களா? இல்லை. வெங்கட்ராகவன் 156 டெஸ்ட் விக்கெட் வீழ்த்தி, 1975-லும் 1979-லும் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். வி.வி. குமாரின் சுழலுக்கு நாடெங்கும் மட்டைகள் திணறின. ஆனாலும் 1973-ல் சேப்பாக்கத்தில் பம்பாயோடு நடந்த இறுதி ஆட்டம் நெஞ்சை விட்டு நீங்காது. பம்பாய் 151-ம் 113-ம்தான் எடுத்தது. நம்மவர் 80-ம் 61-ம்! மூன்றாம் நாள் ஒரே ஒரு பந்து வீசப்பட்டது, ஆட்டம் முடிந்தது. சுழலுக்கென்று நாம் விரித்த களத்தில் பம்பாயின் சிவால்கர் 13 விக்கெட் அள்ளிச் சென்றார். விரித்த வலையில் விரித்தவனே விழுந்தான்.

இரண்டாவது கோப்பை 1987-88-ல், வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே இரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று கிடைத்தது. அதற்குப் பின்? 2024-25 பருவம் முடியவும் மூன்றாவது வரவில்லை. இறுதி ஆட்டம் வரை போய் 1992, 1996, 2003, 2004, 2012, 2015 ஆண்டுகளில் வெறுங்கையோடு திரும்பினோம். இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டும் குறையில்லை. 2021 நவம்பரில் கடைசிப் பந்தில் ஷாருக்கான் சிக்சர் அடித்துக் கர்நாடகத்திடமிருந்து கோப்பையைப் பறித்தது ஊரறிந்தது. ஸ்ரீகாந்த், இராபின் சிங், பாலாஜி, பத்ரிநாத், தினேஷ் கார்த்திக், 537 டெஸ்ட் விக்கெட் கண்ட அஸ்வின் என்று பட்டியல் நீளமானது. நீளத்தில் குறையில்லை. அகலத்தில்தான் ஐயம்.

ஏன் என்று கேட்டால் விடை எளிது. வாரந்தோறும் தோல் பந்தில் ஆடும் டிவிஷன் லீக் ஆட்டங்கள் சென்னையில். அவற்றில் ஆடும் பெரிய அணிகளை வளர்ப்பவை கம்பெனிகள். கம்பெனி ஆட்டக்காரனுக்குச் சம்பளமும் தரும், பயிற்சிக்கு நேரமும் தரும். தேர்வாளர் கண் அந்த லீக்கின் மேல். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. நாட்டின் தரமான லீக்குகளில் ஒன்று என்று பிற மாநிலத்தாரும் சொல்வார்கள். ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஜாலி ரோவர்ஸ் என்ற பெயர்பெற்ற அணியை நடத்தும் நிறுவனத்தின் கெம்பிளாஸ்ட் ஆலை எங்கே? மேட்டூரில். கிரிக்கெட்டுக்குப் பெரும் புரவலராய் விளங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் ஆலைகளில் ஒன்று எங்கே? சங்ககிரியில். சேர்வராயன் மலையின் பாக்சைட் மண்ணை வெட்டி எடுத்து அலுமினியம் காய்ச்சியது எங்கே? மேட்டூர் மால்கோவில். மூன்றும் சேலம் மாவட்டம்! மண் இங்கே, ஆலை இங்கே, உழைப்பு இங்கே. மட்டை பிடிக்க மட்டும் சென்னைக்கு இரயிலேற வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் வந்தன, துரைமார் வந்தார்கள், மாதா கோயில்கள் வந்தன, விடுதிப் பள்ளிகள் வந்தன. 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளிக்குப் பரந்த விளையாட்டுத் திடல்கள் உண்டு. அங்கே படித்த ரோஜர் பின்னி கர்நாடகத்துக்கு ஆடினார். 1983 உலகக் கோப்பையில் எல்லா நாட்டுப் பந்து வீச்சாளர்களுக்கும் மேலாக 18 விக்கெட் எடுத்தார். 2022-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கே தலைவரானார். சுப்பராயன் ஒருவர், பின்னி ஒருவர்! வாரியத்துக்கு இரண்டு தலைவர்களை உறவாகக் கொண்ட மண் இது. மலைக்காற்று நுரையீரலை விரிக்கும், மேடும் பள்ளமும் காலை உரமாக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் விடுதிப் பள்ளிக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்தனர், மூத்தவர் சேர்வராயனில் தங்கினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சட்டமன்றத்துக்கு ஏற்காடு பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதி. வாக்குப் பெட்டிக்கு மலையேறத் தெரிந்திருக்கிறது. தோல் பந்துக்கு இன்னும் தெரியவில்லை!

வானொலிக்குத் தெரிந்திருந்தது. தமிழில் நேர்முக வர்ணனை வந்த காலத்தில், அப்துல் ஜப்பார் போன்றோரின் குரல் கேட்காத ஊர் எது? பந்து வீச்சு, மட்டை வீச்சு, எல்லைக் கோடு என்ற சொற்கள் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தன. தமிழ் வந்ததும் ஆட்டம் ஏழையின் வீட்டுக்கும் வந்தது. கேட்பதற்கு வந்தது. ஆடுவதற்கு?

ஆடுவதற்கும் ஒருவர் வந்தார். சேர்வராயன் மலைக்கு மேற்கே, தாரமங்கலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி. தந்தை தறித் தொழிலாளி; தாய் சாலையோரத்தில் கடை வைத்தவர். மகன் நடராஜன் இருபது வயது வரை ஆடியது டென்னிஸ் பந்தில். அதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. டென்னிஸ் பந்தைக் குட்டையாகப் போட்டால் அது எழும்பி நிற்கும். அடிப்பவன் ஊருக்கு அப்பால் அனுப்புவான். பிழைக்க ஒரே வழி, மட்டைக்காரனின் கால் விரலுக்கு நேரே குத்துவது. வறுமை கற்பித்த அந்தப் பந்துக்குத்தான் யார்க்கர் என்று பெயர். சென்னைக்குப் போனார், லீக்கின் கீழ்ப்படியில் நான்காம் டிவிஷனில் தொடங்கினார், படிப்படியாக ஏறி ஜாலி ரோவர்ஸ் வரை வந்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிரே ரஞ்சி ஆட்டம். மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார். கையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2016-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் யார்க்கர் மேல் யார்க்கராகக் குத்தியதை நாடே பார்த்தது. 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்.

பிறகு ஆஸ்திரேலியா. வலைப் பயிற்சிக்குப் பந்து போட அழைத்துச் செல்லப்பட்டவர், 2020 டிசம்பர் 2-ல் ஒருநாள் ஆட்டம், 4-ல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர்! முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட். ஆஸ்திரேலியா 1988-க்குப் பின் தோற்றறியாத அந்தத் திடலில் ஜனவரி 19-ல் இந்தியா வென்றது. ஊர் திரும்பியவரைச் சின்னப்பம்பட்டி தேரில் ஏற்றி ஊர்வலம் வந்தது. அவர் செய்தது அதைவிடப் பெரிது: தன் ஊரிலேயே திடல் அமைத்தார், 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. அதே சேலத்துச் சீமையிலிருந்து பெரியசாமி என்ற இளைஞரும் 2019-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராக வந்து நின்றார்.

"பார்த்தீர்களா, திறமை இருந்தால் தானாக வெளியே வரும்!" என்று சிலர் இதைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பார்கள். தானாகவா வந்தது? ஒருவர் வர எத்தனை பேர் கை கொடுத்தார்கள், எத்தனை ஆண்டு வீணாயிற்று, எத்தனை முறை திரும்பி ஊருக்கே போய்விடலாம் என்ற நிலை வந்திருக்கும்! நூற்றில் ஒருவர் சுவரேறிக் குதித்துவிட்டார் என்பதற்காகச் சுவரே இல்லை என்று வாதிடலாமா? முதல் ரஞ்சி ஆட்டம் 1934. பிரிஸ்பேன் டெஸ்ட் 2021. இடையில் 86 ஆண்டு.

நல்லது நடந்திருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மலைக்குத் தென்கிழக்கே, வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் திடல் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பசும்புல் திடல், வலைப் பயிற்சிக்கு இடம். தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் அங்கே வந்தன. ரஞ்சி ஆட்டமும் வந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அணி சண்டிகரை 209 ரன் வித்தியாசத்தில் வென்றது அங்கேதான். சுப்பராயன் காலத்தில் வராத ஆடுகளம், எண்பது ஆண்டு கழித்து மலையடிவாரம் வரை வந்துவிட்டது. மலை மேல் ஏறவில்லை.

ஏற்காட்டு உள்கிராமத்துப் பையனைக் கணக்கில் எடுங்கள். தோல் பந்தில் பழக வேண்டுமானால் மட்டை வேண்டும், கால் காப்பு வேண்டும், கையுறை வேண்டும், தலைக்கவசம் வேண்டும். தோட்டக் கூலியில் அது ஆகுமா? ஆயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஊரிலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து இருபது வளைவு இறங்கிச் சேலம், சேலத்திலிருந்து வாழப்பாடி. மாலை வெயில் தாழப் பயிற்சி முடிந்தால் திரும்ப ஏறுவது எப்போது? அவன் தங்கைக்கும் ஆட ஆசையிருந்தால்? உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் நம் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, ஆண்டு 2013. அந்தத் தங்கை அதைக் கேள்விப்பட்டிருந்தால் ஆசை வராமல் இருக்குமா?

கேட்பது பெரிய அரங்கமல்ல. மலையிலே சமதளமாய் ஒரு திடல்; அதன் நடுவே சிமெண்டுத் தளம், மேலே விரிக்கத் தென்னை நார் விரிப்பு. மழை மலையில் புல் களத்தைப் பேணுவது கடினம். விரிப்புக் களம் போதும். பந்தின் எழுச்சியைப் பழக அது நல்ல பள்ளிக்கூடம். மட்டையும் காப்பும் பள்ளிக்கூடத்தில் பொதுவாக இருக்கட்டும். நூலகத்துப் புத்தகம் போல எடுத்து ஆடித் திருப்பி வைக்கட்டும். சென்னையில் அணி வளர்க்கும் நிறுவனங்கள், தங்கள் ஆலை இருக்கும் மாவட்டத்தில் ஆளுக்கு ஒரு மலைப் பள்ளியைப் பொறுப்பேற்றால் பணம் ஒரு பொருட்டாகுமா? தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கணக்கில் இது கடுகளவு.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வையும் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்காட்டிலேயே வைக்கட்டும். பையன்கள் இறங்கி வருவதற்குப் பதில் தேர்வாளர்கள் ஏறி வரட்டும், இருபது வளைவுதானே! பள்ளித் தேர்வு முடிந்த ஏப்ரலில், கோடை விழாக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்தால் அவர்களுக்கு விடுதி அறையும் மலிவாகக் கிடைக்கும்.